'பொய்க் கேசு' என்கிற பழைய பாட்டு

'பி.சி.ஆர். கேசுல பாதி பொய்க் கேசு' என்று ஊர்க்காரன் சொன்னால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. '498ஏ எல்லாம் பொய்க் கேசு தோழர்' என்று நம்மாட்களே டீக்கடையில் பேசுகிறார்கள். இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வருகிற குரல் என்கிறேன் நான்.

சான்று வேண்டுமா? பெண்கள் தருகிற கொடுமைப் புகாரைக் குடும்பநலக் குழு விசாரித்து அறிக்கை தரும்வரை பொதுவாகக் கைது கூடாது என்று 2017 ஜூலையில் உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவர் சொன்னார்கள். 2018 மார்ச்சில் அதே இருவர்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கினார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: 'தவறாகப் பயன்படுத்துகிறார்கள்.' பின்னதற்கு ஏப்ரல் 2-இல் பாரத் பந்த் நடந்தது. ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. முன்னதற்கு நாம் எத்தனை பேர் தெருவுக்குப் போனோம்? அந்தக் குழுக்களை 2018 செப்டம்பரில் உச்சநீதிமன்றமே நீக்கியது. அதேபோன்ற அலகாபாத் ஏற்பாட்டை, 2 மாதக் காத்திருப்போடு, 2025 ஜூலையில் ஏற்றுக்கொண்டது.

'அப்ப ஆம்பளைக்கு நாதியே இல்லியா?' இருக்கிறதய்யா. பழைய 498ஏ, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. 3 ஆண்டு வரை சிறை, அபராதம். அவசியம் என்ன என்று எழுதிவைக்காமல் போலீஸ் கைது செய்யக்கூடாது என்று 2014-லேயே தீர்ப்பு உண்டு. ஜாமீன் கேட்கலாம். சொந்தக்காரர்களைப் பொத்தாம்பொதுவாகச் சேர்த்திருந்தால் உயர்நீதிமன்றத்தில் ரத்து கோரலாம். குறுக்கு விசாரணை செய்யலாம். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. இத்தனை கதவு திறந்து கிடக்க, அவள் ஸ்டேஷன் படி ஏறுவதையே மறிப்பானேன்?

2005-இன் குடும்ப வன்முறைச் சட்டமோ, எடுத்த எடுப்பில் யாரையும் ஜெயிலுக்கு அனுப்புவதில்லை. பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடி, வசவு மட்டுமல்ல, அவள் காசைப் பிடுங்குவதும் அதில் வன்முறை. வங்கி கவுண்டரில் உட்காருகிற எனக்கு இது புதிதல்ல. கையெழுத்து அவளுடையது, நோட்டை எண்ணுகிற விரல் அவனுடையது.

'ஊரான் போலீசுகிட்ட நம்மாளக் காட்டிக் குடுக்காதே' என்று சேரிப் பெண்ணிடம் மட்டும் ஒற்றுமை கேட்கிறோம். அடிக்கிறவனிடம் கேட்டோமா? தோழர்களே, அடித்தவனுக்காகப் பஞ்சாயத்துப் பேசப் போகாதீர்கள். அவளோடு பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள், மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். அவன் நம் அமைப்புப் பொறுப்பாளனாக இருந்தாலும் போங்கள்.