அபூர்வம் பல்லில் இல்லை, பார்வையில் இருக்கிறது

பல் மருத்துவ ஆய்வுலகில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. வழக்கத்துக்கு மாறான வேர்க்குழாய் ஒன்று தென்பட்டால் அது ‘அபூர்வ நேர்வு’ என்று பதிவாகிறது, பாராட்டு கிடைக்கிறது, அத்துடன் விவாதம் முடிந்துவிடுகிறது.

2010இல் ஏழு குழாய்களும் 2011இல் எட்டுக் குழாய்களும் கொண்ட மேல்தாடை முதல் கடைவாய்ப்பற்களைச் சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியினர் ‘ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸ்’ இதழில் பதிவு செய்தனர். இரண்டையும் உறுதிப்படுத்தியது கூம்புக்கற்றை சி.டி. எனப்படும் முப்பரிமாணப் படம். அப்பணி போற்றத்தக்கது. ஆனால் எட்டுக் குழாயை வேடிக்கைப் பொருளாக்கியது வாசகர்களின் பிழை. அது ஓர் எச்சரிக்கை.

சாதாரண எக்ஸ்ரே பல்லின் கனத்தை நிழலாகத் தட்டையாக்குகிறது. கன்னப்பக்கக் குழாயும் அதன் பின்னே நாக்குப்பக்கத்தில் ஓடும் குழாயும் அதில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகின்றன. 1969இல் வைன் குழுவினர் ஆராய்ந்த 208 மேல்தாடை முதல் கடைவாய்ப்பற்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், கன்னப்பக்க முன்வேரில் இரண்டு குழாய்கள் இருந்தன. பாதிக்கு மேல் இருப்பதை எந்த நியாயத்தில் ‘மாறுபாடு’ என்பது? தவறவிட்ட குழாயில் நுண்ணுயிர் தங்குகிறது, சீழ் திரும்புகிறது, பழி நோயாளியின் ‘பராமரிப்பின்மை’ மேல் விழுகிறது.

இன்னொரு சோம்பல், ‘இந்திய மக்கள்தொகை’ என்னும் தலைப்பு. பெருநகரக் கல்லூரிக்கு வந்தவர்களின் பற்களே பல ஆய்வுகளில் இந்தியாவாகிவிடுகின்றன. அந்தமானின் ஷாதிபூரை அதனருகே வைத்துப் பார்க்கட்டும். தமிழர், வங்காளியர், தெலுங்கர், ராஞ்சி மக்கள், நிக்கோபாரியர், 1925இல் பர்மாவிலிருந்து குடியேறிய கரேன் மக்கள் எனப் பல வழியினர் வாழும் தீவுக்கூட்டம் அது. கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லில் மூன்றாம் வேரும், இரண்டாம் கடைவாய்ப்பல்லில் ‘சி’ வடிவக் குழாயும் கிழக்காசிய மக்களிடம் மிகுதி என்பது பாடநூல் செய்தி. தென்கிழக்காசியத் தொடர்புடைய சமூகங்கள் வாழும் மண்ணுக்குச் சென்னையின் சராசரியைப் பொருத்துவது அறிவியல் ஆகாது. அது வெறும் அனுமானம்.

கதிர்வீச்சு, செலவு என்ற மறுப்பு எழும். அது நியாயமானதே. எல்லாப் பல்லுக்கும் படம் எடுக்கச் சொல்வது வணிகம். ஆனால் அமெரிக்க எண்டோடான்டிக்ஸ் சங்கமும் வாய், முகத்தாடைக் கதிரியல் கழகமும் 2010இல் வெளியிட்டுப் பின்னர்த் திருத்திய கூட்டறிக்கை நடுவழியைக் காட்டியுள்ளது: வழக்கமான பரிசோதனைக்கு வேண்டாம், கூடுதல் குழாய் ஐயம் உள்ள இடத்தில் குறுகிய புலப் படம் எடுக்கலாம். ஐயம் எழுவதற்கோ விலை இல்லை. கோணம் மாற்றி இரண்டாம் எக்ஸ்ரே எடுத்தலும், பல்லறைத் தரையை உருப்பெருக்கியில் ஆராய்தலும் எந்தச் சிறு மருத்துவமனைக்கும் இயல்பவை.

எனவே ஆய்வுலகின் கடமை ஒன்பதாவது குழாயைத் தேடுவதன்று. வேறு காரணத்துக்காக ஏற்கெனவே எடுக்கப்பட்ட முப்பரிமாணப் படங்களை, உரிய ஒப்புதலுடன், பெயர் நீக்கி, வட்டாரவாரியாகத் தொகுப்பதே அது. சென்னையில் குழாய் தவறினால் நோயாளி மறுவாரம் வேறு மருத்துவரிடம் போகலாம். ஷாதிபூர்வாசி தலைநிலத்து நிபுணரை நாட 1,000 கிலோமீட்டருக்கு மேல் கடல் கடக்க வேண்டும். அவருக்குப் பல்லைப் பிடுங்குவதே மலிவாகிறது. அந்த மலிவுக்கு விலை கொடுப்பது அவர். அபூர்வக் கட்டுரைக்கு மதிப்பெண் பெறுவது வேறொருவர்.