திரும்பிப் பார்க்காத தாத்தா

எங்கள் குடும்பச் சொத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. நிலம் இருந்தது, போய்விட்டது. ஓட்டு வீடு இருந்தது, பங்காளிகளிடம் இருக்கிறது. சேதாரமில்லாமல் கைமாறி வந்திருப்பது ஒன்றே ஒன்றுதான். வாந்தி!

பஸ்ஸில் ஏறினால் போதும். திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போக அப்பா சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வார். மொத்தமே இருபத்தைந்து கிலோமீட்டர்தான் சாமி! கீவளூர் வருவதற்குள் பழம் மூக்கில் இருக்கும். எனக்கு எலுமிச்சையெல்லாம் பத்தாது. ஜன்னல் சீட்டே வேண்டும். பின் சீட்டுக்காரர்கள் என்னைச் சபித்த சாபமெல்லாம் பலித்திருந்தால் இந்தப் பக்கத்தை வேறு யாராவதுதான் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இப்படிப்பட்ட ஆசாமியைப் பார்த்து, "பாய்மரப் படகுல கடலோரமா நாலு நாள் போய்ட்டு வரலாம், வர்றியா?" என்று ஒருவன் கேட்டால் அவன் நண்பனா, விரோதியா?

கேட்டவன் கல்லூரித் தோழன். முப்பது வருஷம் கப்பலில் எஞ்சினீயராக இருந்து ரிட்டயர் ஆனவன். நாங்கள் எல்லாரும் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவோம். அவனும் மறுத்ததில்லை. பிராவிடண்ட் ஃபண்டு பணத்தில் மற்றவர்கள் மனை வாங்குவார்கள். இவன் இருபத்துநாலு அடியில் ஒரு பாய்மரப் படகு வாங்கிப் புதுச்சேரியில் கட்டிவைத்திருக்கிறான்.

"எங்கெங்கே போறோம்?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"கடலூர், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி. கடைசியா நாகப்பட்டினம்."

நாகப்பட்டினம் என்றதும் மறுக்க வாய் வரவில்லை. அதற்குக் காரணம் என் அப்பாயி.

*

1940-ல் தாத்தா நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறினார். பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதும் வேலை. பழைய தஞ்சாவூர்க்காரர்களுக்கு ரஜுலா என்றால் தெரியும். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரைக்கும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் ஜனங்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. நாகையில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் ஏறி, அலையைத் தாண்டிப் போய், அதில் தொற்றிக்கொள்ள வேண்டும்.

ஏழு மாசக் குழந்தையான என் அப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பாயி கரையில் நின்றாள். படகு போய்விட்டது. 1941 டிசம்பரில் மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்தான். கடிதமும் நின்றது. சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் தாத்தாவும் ஒருவர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நிச்சயமாக யாருக்கும் தெரியாது. அதற்கு முன்னால் வந்திருந்த நாலைந்து கடிதங்களும் 1952 புயலில் ஓடு பறந்தபோது நனைந்து கூழாகிவிட்டன. போட்டோ கிடையாது.

அப்பாயி 1991 வரை இருந்தாள். தாத்தா திரும்பி வராததைப் பற்றி அவள் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அது விதி. அவள் குறை வேறு.

"படகுல உக்காந்தாரு பாரு... கண்ணுக்கு மறையுற வரைக்கும் நிக்கிறேன், புள்ளைய தூக்கித் தூக்கிக் காட்டுறேன்... அந்த மனுசன் ஒரு தடவ திரும்பிப் பாக்கலடா!"

ஐம்பது வருஷம் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

*

தை மாசக் கடைசி. வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து பதமாக வீசும் சமயம். தெற்கே போக இதுதான் தோது என்றார் எங்களோடு வந்த தேவனாம்பட்டினத்துப் பெரியவர். சின்ன வயசில் கட்டுமரத்தில் பாய் கட்டி ஓடியவர். சொல்ல வேண்டிய இடங்களில் சொல்லிவிட்டு, காகிதங்களைக் காட்டிவிட்டுப் புறப்பட்டோம்.

முதல் பாடம் பூம். பாயின் அடியில் குறுக்கே ஒரு கட்டை இருக்கிறது. அதன் பெயரே பூம்தான். காற்று மாறும்போது அது இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும். நடுவில் நம் தலை இருந்தால் அதன் பெயரை அதுவே சொல்லிக்கொள்ளும்.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு மூன்றரை மணி நேரம். பஸ்ஸில் போனால் முக்கால் மணி! வழியில் ஒரு விசைப்படகு பக்கத்தில் வந்து, "எஞ்சின் ரிப்பேரா? கயிறு போடவா?" என்று பரிவோடு விசாரித்தது. வேண்டுமென்றே பாயில் போகிறோம் என்று கேப்டன் சொன்னான். அவர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் பரிவு இன்னும் கூடியது.

கடலூரில் பழைய செயின்ட் டேவிட் கோட்டை இருந்த கரையைப் பெரியவர் காட்டினார். 1690-ல் அதை மராட்டியர்களிடமிருந்து ஆங்கிலேயர்கள் வாங்கிய கதை ரசமானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் சேர்த்தி என்று பேச்சு. கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? நல்ல பீரங்கியாகவும் கைதேர்ந்த ஆளாகவும் பார்த்து அனுப்பினானாம். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமம்' என்றே பெயர். இன்றைய மனை வியாபாரிகள் காதில் இது விழாமல் இருக்க வேண்டும்.

இதே கடலில் 1783 ஜூன் 20-ம் தேதி பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதிக்கொண்டார்கள். சூஃப்ரென் பக்கம் பதினைந்து போர்க்கப்பல், ஹ்யூஸ் பக்கம் பதினெட்டு. எல்லாம் பாய்மரம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானக் கையெழுத்து போட்டாகிவிட்டது! அந்தச் செய்தி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கப்பலில் வந்து சேர்ந்தது சண்டை முடிந்த பிறகு. ஒரு கடிதம் நேரத்துக்கு வராததால் நூற்றுக்கணக்கான பேருக்குச் சேதம்.

எங்கள் வீட்டுக்கு வராமலே போன கடிதத்தை நினைத்துக்கொண்டேன். அதோடு அன்றைய சிந்தனை முடிந்தது. வயிறு கூப்பிட்டுவிட்டது.

*

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கிறது. போர்ச்சுகீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத் துறைமுகம். முஸ்லிம் வணிகர்கள் வைத்த பெயர் மஹ்மூது பந்தர். 1781-ல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதிய இடமும் இதுதான். 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்து இரும்புத் தாதைக் கொண்டுவந்து இங்கே ஆலை நடத்தினார். இப்போது ஆற்று முகத்தில் கொக்கும் நண்டும் மீன் வண்டிகளும்.

மறுநாள் விடிவதற்கு முன் கிளம்பினோம். கொள்ளிடம் முகத்துவாரம் தாண்டி, பூம்புகார் எதிரே வந்தபோது நான் கடலுக்குள் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தபடியே இருந்தேன். ஆராய்ச்சி நோக்கம் எதுவும் இல்லை.

"சார், தூரத்துல கரையப் பாருங்க. குனிஞ்சா இன்னும் ஜாஸ்தியாவும்" என்றார் பெரியவர்.

நிமிர்ந்தால்தானே பார்ப்பதற்கு? தலையைத் தூக்கினால் வானம் ஒரு பக்கம் சரிகிறது, வயிறு இன்னொரு பக்கம் சரிகிறது.

தரங்கம்பாடி வந்தபோதுதான் ஓரளவு மனிதனானேன். கடலிலிருந்து பார்க்கையில் டேன்ஸ்போர்க் கோட்டை மணலில் யாரோ மறந்து வைத்துவிட்டுப்போன பெட்டி மாதிரி இருக்கிறது. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க்குக்காரர்களுக்கு இடம் கொடுத்தார். 1706-ல் சீகன்பால்க் இங்கே வந்து இறங்கித் தமிழ் படித்தார். சில வருஷங்களில் அச்சு இயந்திரம் வந்தது. காகிதம் செய்யப் பக்கத்தில் ஒரு பட்டறையும் வந்தது. 'கடுதாசிப்பட்டறை' என்று அந்த இடத்துக்கே பெயர். 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்து சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. டென்மார்க்காவது காசு வாங்கிக்கொண்டு கொடுத்தது. கடல் எதுவும் கேட்கவில்லை.

இந்தக் கரையில் இத்தனை 'துறைமுகங்கள்' இருந்தனவே, கப்பல் வந்து அணைய ஒரு நல்ல மறைவு உண்டா என்றால் கிடையாது. எல்லாம் திறந்த கடல். கப்பல் தள்ளி நிற்கும். ஆளும் சரக்கும் படகில்தான் கரையேற வேண்டும். ஆணி அடித்த படகு அலை அடியில் பிளந்துவிடும் என்று, பலகைகளைக் கயிற்றால் தைத்தே மசூலாப் படகு கட்டினார்கள். அலை அடித்தால் அது வளைந்து கொடுக்கும். சோழன் காலத்துச் சரக்கிலிருந்து டேனிஷ் பாதிரியார் வரைக்கும் எல்லாரும் கடைசி அரை மைலை நம்மூர்ப் படகோட்டியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடந்திருக்கிறார்கள்.

*

நான்காம் நாள் மதியம் நாகப்பட்டினம். முதலில் கலங்கரை விளக்கம் தெரிந்தது. அந்தக் காலத்து மாலுமிகளுக்கு வேறு அடையாளம். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரையை ஒட்டி ஒரு பழைய கோபுரம் நின்றிருந்தது. அதைப் பார்த்துத்தான் கப்பல்கள் நாகையைக் கண்டுபிடிக்கும். 1867-ல் இடித்துவிட்டார்கள். விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தையே எழுதி வைத்தான். அவன் மகன் ராஜேந்திரன் 1025 வாக்கில் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் படையெடுத்தான். அப்பா மொய் எழுதிய வீட்டில் பிள்ளை போய்ச் சண்டை போடுவது புதிதல்ல.

பெரியவர் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 2004 சுனாமியில் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் போனார்கள். அவர் ஊரும் தப்பவில்லை.

"அதுக்கப்புறம் ஆறு மாசம் கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன் சார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, திரும்பிட்டேன்."

எங்கள் படகின் அடிப்பாகம் ஆழம் என்பதால் கரைக்கு வெகு தூரத்திலேயே நங்கூரம். ஒரு ஃபைபர் படகு வந்து என்னை இறக்கிவிட்டது. நாகூர் தர்காவுக்கு ஒரு வேண்டுதல் என்று சகதர்மிணி ரயிலில் வந்து காத்திருந்தாள். அவளைப் பார்த்த சந்தோஷத்தில்தான் நினைவு வந்தது, பையைப் படகிலேயே வைத்துவிட்டேன்! அதே ஃபைபர் படகில் மறுபடி கிளம்பினேன்.

கரையிலிருந்து போவது இன்னும் மோசம். முதல் அலை வரும்போது படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. "குனிஞ்சு பிடிச்சுக்குங்க சார்!" என்று கத்தினார் படகுக்காரர். பிடித்துக்கொண்டேன். இரண்டாம் அலை. அவ்வளவுதான். தலை முழங்காலுக்கு நடுவில் போனது. அது மீண்டு வந்தபோது நான் கேப்டன் படகுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பையோடு கரையேறினேன். சகதர்மிணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லே. அவ்வளவு நேரம் கரையிலே நின்னு கை ஆட்டறேன். ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்கலியே நீங்க!"

மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

*

அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டேன். எண்பத்தைந்து தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். அலை, குனிந்து பிடித்துக்கொண்டது, வாந்தி, சகதர்மிணி சொன்னது என்று எல்லாவற்றையும் கத்திக் கத்திச் சொன்னேன். கடலை விற்கிற பையன் நின்று கேட்டான்.

"தாத்தா கல்நெஞ்சுக்காரர் இல்லேப்பா. தலையைத் தூக்க முடிஞ்சிருக்காது. நம்ம குடும்பத்து உடம்பு. அலையிலே படகு ஏறி எறங்கும்போது அவர் எங்கே திரும்பிப் பார்க்கிறது?"

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அப்போ... எனக்கு பஸ்ஸுல வருதே," என்றார் மெதுவாக, "அது அவர்கிட்டேருந்து வந்ததுதானா?"

"அப்படித்தான்பா இருக்கணும்."

"அவர்து எதுவுமே எங்கிட்டே இல்லேன்னு நெனச்சிட்டிருந்தேன்டா."

என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவரே, "சரி, போனை வை. வேலை இருக்கு" என்றார்.

ராத்திரி எட்டு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"அம்மா படத்துக்கு முன்னாடி உக்காந்து வெவரமா சொல்லிட்டேன். ஒரு எலுமிச்சம்பழமும் வெச்சேன்."