அளவையும் ஆயுளும்

புற்றுநோயாளரை ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கச் சொல்வது அறமோ என வினவுவர், புதிய மருந்துகளுக்கு விரைவு அங்கீகாரம் வேண்டுவோர். நியாயமான வினாவே. ஆயின் அவர்கள் அளப்பது நோய் வளராதிருந்த காலத்தை. நோயாளி கேட்பதோ ஆயுளை.

பரவிய மார்புப் புற்றுநோய்க்குப் பெவசிசுமாப் பரிசோதிக்கப்பட்டது. பக்லிடாக்செல் மட்டும் பெற்றோரிடம் 5.9 மாதங்களாயிருந்த அவ்விடையக் காலம், இதனையுஞ் சேர்த்துப் பெற்றோரிடம் 11.8 ஆயிற்று. ஆயுளோ குறிப்பிடத்தக்க அளவு நீளவில்லை. எனினும் 2008இல் ஐக்கிய அமெரிக்கா அதற்கு விரைவு அங்கீகாரம் வழங்கிற்று. பின்வந்த பரிசோதனைகளில் அந்த ஆதாயமுஞ் சுருங்கிற்று. உயர் குருதியமுக்கம், குருதிப்பெருக்கு முதலிய தீங்குகள் எஞ்சின. 2011இல் மார்புப் புற்றுநோய்க்கான அங்கீகாரம் மீளப்பெறப்பட்டது. (வேறு சில புற்றுநோய்களுக்கு அது இன்றும் வழங்கப்படுகிறது.)

இடைப்பட்ட காலத்திற் பெருவிலை கொடுத்து அதனைப் பெற்ற பெண்களும் பரிசோதனைக்கு உட்பட்டோரே. அவர்களின் பெயர் மட்டும் எந்தப் பரிசோதனைப் பதிவிலும் ஏறவில்லை.