டோனட்டுக்குள் பலாப்பழம்

வைகாசியில் பண்ருட்டியிலிருந்து பேருந்தில் வருகிறவர்களுக்குக் காடாம்புலியூர் வந்துவிட்டது என்று நடத்துநர் சொல்லத் தேவையில்லை. சாலையின் இரு பக்கமும் குவித்துவைத்த பலாப்பழத்தின் வாசனை சன்னல் வழியே ஏறிவிடும். அது எங்கள் வடக்குத்து வரை கூடவே வரும். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பிள்ளைகளுக்காக வீட்டில் சுடுகிற டோனட்டுக்குள் வைக்கக் கடையில் டப்பா சாக்லேட் தேடுகிறோமே என்பதுதான் இந்த வாரம் என் மனத்தை அரிக்கிறது.

நடுவில் ஓட்டை போட்ட டோனட்டைப் பற்றி நான் பேசவில்லை. உருண்டையாகப் பொரித்து, ஆறியபின் உள்ளே இனிப்பு நிரப்புகிற டோனட். பெர்லினில் அதற்குள் பிளம்ஸ் பழத்தைக் காய்ச்சி வைப்பார்கள். ஆஸ்திரியாவில் ஆப்ரிகாட் ஜாம். போலந்தில் ரோஜா இதழ் ஜாம். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முன்பு வீட்டில் இருக்கிற வெண்ணெய், கொழுப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் தீர்த்துவிட வேண்டும் என்று வந்த பலகாரம் அது. போலந்துக்காரர்கள் சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழக்கிழமையை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். யூதர்கள் ஹனுக்கா பண்டிகையில் சுடுகிறார்கள். அவர்களுக்கு அது எண்ணெயின் திருநாள். எந்த ஊரானாலும் உள்ளே போனது பக்கத்துத் தோட்டத்தில் விளைந்து, வீணாகாமல் இருக்கக் காய்ச்சி வைத்த பழம்தான். அந்தக் கணக்குப்படி வடக்குத்து டோனட்டுக்குள் பலாப்பழம்தான் இருக்க வேண்டும்.

பக்கத்திலிருக்கும் நெய்வேலிக்கு இந்தப் பலகாரத்தின் நாடுகள் அந்நியமல்ல. 1957 மே 20 அன்று நேரு தொடங்கிவைத்த சுரங்கத்துக்கு மண் தோண்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. 1962இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. ரஷ்யாவிலும் பொன்ச்சிக் என்று இதே குடும்பத்துப் பலகாரம் உண்டு. அந்த நாடுகளின் இயந்திரங்களோடு அறுபது ஆண்டுக்கு மேல் பழகியாயிற்று. பலகாரம்தான் தாமதமாக, தொலைபேசித் திரை வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

இனி மாவு. அரைக் கிலோ மைதா, 7 கிராம் உடனடி ஈஸ்ட், 60 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாக உப்பு, 280 மில்லி பால், 60 கிராம் வெண்ணெய். பால் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். விரல் வைத்து எடுக்க முடியாத சூடு ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். வெண்ணெயைக் கடைசியில் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் மாவு இழுபடாது. சப்பாத்தி மாவு பிசைகிற கை இங்கே பாதி வேலையில் நின்றுவிடும், அதுதான் பெரும்பாலான வீடுகளில் கோளாறு. கால் மணி நேரமாவது பிசைய வேண்டும். ஒரு துண்டு மாவைப் பிய்த்து இரு கையாலும் விரித்தால், அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிற அளவுக்குக் கிழியாமல் விரிய வேண்டும். அது வராத மாவில் நிரப்ப உள்ளே இடமே இருக்காது.

முட்டை பற்றி என் பக்கத்து வீட்டுப் பெண்தான் முதலில் கேட்டாள். "அக்கா, இதுல முட்டை போட்டிருக்கீங்களா? அத்தை தொடமாட்டாங்க." அவள் மாமியார் மாதாமாதம் பூசத்துக்கு வடலூர் போகிறவர். வள்ளலார் 1867இல் தருமச்சாலை தொடங்கிய ஊர் எங்களுக்குக் கூப்பிடு தூரம்; புலால் தொடாத வீடுகள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. அவர்கள் சாப்பிட முடியாத பலகாரத்தைத் தெருவுக்கு எப்படிக் கொடுப்பது? ஆகவே நான் முட்டை சேர்ப்பதில்லை. அதற்குப் பதில் இரண்டு மேசைக்கரண்டி பால்பவுடரும் ஒரு கரண்டி கெட்டித் தயிரும் போடுகிறேன். தயிர் மாவை மிருதுவாக்குகிறது, பால்பவுடர் நிறம் கொடுக்கிறது. முட்டை போட்டதைவிட இதுவே எனக்குப் பிடித்திருக்கிறது.

வெளிநாட்டுக் குறிப்புகளில் மாவு இரட்டிப்பாக ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருக்கும். எங்கள் கோடையில் அதை நம்பினால் மாவு புளித்து, அடங்கி, எண்ணெய் குடிக்கும். கத்திரி வெயிலில் முக்கால் மணி நேரமே அதிகம். இரவு பிசைந்து மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுக் காலையில் எடுப்பதுதான் எங்கள் ஊருக்குச் சரியான வழி. மெல்லப் பொங்கிய மாவுக்கு வாசனையும் கூடுதல். பிறகு ஐம்பது கிராம் உருண்டைகளாக உருட்டி, ஒவ்வொன்றையும் எண்ணெய் தடவிய சிறு தாளில் வைத்து லேசாகத் தட்டிவிட வேண்டும். விரலால் மெல்ல அழுத்தினால் குழி மெதுவாக எழும்பும் பதத்தில் தாளோடு தூக்கி வாணலியில் விடலாம். கையால் எடுத்தால் அதுவரை சேர்ந்த காற்று போய்விடும்.

ஓட்டை போட்ட டோனட்டில் நடுப்பகுதி சீக்கிரம் வெந்துவிடும். உருண்டைக்கு அந்த வசதி கிடையாது. வடைக்குக் காய்ச்சுகிற சூட்டில் இதைப் போட்டால் வெளியே கறுத்து உள்ளே பச்சை மாவாக நிற்கும். 170 டிகிரி போதும். வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு சிட்டிகை மாவைப் போட்டுப் பாருங்கள். அது நிதானமாக மேலே வந்து, சின்னக் குமிழிகளோடு, அவசரமில்லாமல் சிவக்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டு நிமிடம். நன்றாகப் பொங்கிய உருண்டை பாதி மூழ்கிப் பாதி மிதக்கும், அதனால் இடுப்பில் வெள்ளையாக ஒரு பட்டை விழும். அந்தப் பட்டையைப் பார்த்தால் எனக்கு வருகிற சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

நம் சுழியத்துக்குப் பூரணத்தை முதலில் உருட்டி, மாவில் தோய்த்துப் பொரிக்கிறோம். இங்கே வரிசை தலைகீழ். ஈரமான பழக்கூழை உள்ளே வைத்துப் பொரித்தால் ஆவி கிளம்பி உருண்டையை வெடிக்கவைக்கக்கூடும் என்பதால் பொரித்து, முழுக்க ஆறவிட்டு, பட்டையில் கத்தியால் துளையிட்டு, கூம்பாகச் சுருட்டிய பால் கவரால் பிழிகிறோம்.

பலாவுக்கு வருவோம். நன்கு கனிந்து நெகிழ்ந்த சுளை அரைக் கிலோ. கொட்டை நீக்கி அரைத்துக்கொள்ளுங்கள். அடிகனமான பாத்திரத்தில் ஈரம் வற்றும்வரை கிளறி, 150 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, ஒரு கரண்டி நெய், ஏலக்காய். இறக்கும்போது அரை எலுமிச்சைச் சாறு கட்டாயம். பலாவில் புளிப்பு குறைவு, அது இல்லாவிட்டால் வெறும் தித்திப்பாக நாக்கில் தங்கும். கரண்டியால் கோடு இழுத்தால் கோடு நிற்க வேண்டும். கொட்டைகளை எறியாதீர்கள், மறுநாள் சாம்பாருக்கு ஆகும்.

இந்தப் பழம் எளிதாகக் கிடைக்கிறது என்று நாங்கள் அலட்சியமாக இருந்தோம். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது எங்கள் வட்டாரத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தாத்தா நட்டு, அப்பா பழம் பறித்த மரங்கள். கொட்டை முளைத்துப் பலா காய்க்கப் பல ஆண்டாகும். இன்று சாலையோரம் குவிந்திருக்கிற பழங்களில் பல, அதற்குப் பிறகு பொறுமையாக நட்டவர்களின் பழங்கள்.

முந்திரியும் வீட்டு வாசலில்தான். கிரீம் விரும்புகிறவர்கள் நூறு கிராம் உடைந்த பருப்பைச் சூடான பாலில் ஊறவைத்து மைய அரைத்து, சர்க்கரையும் ஒரு கரண்டி சோளமாவும் சேர்த்துக் காய்ச்சலாம். முழுப்பருப்பு தேவையே இல்லை. கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துக் கறுப்பாக்கிவிடும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார்கள். அவர்களில் சிலர் உடைந்த பருப்பை வீட்டிலேயே விற்கிறார்கள். நான் அவர்களிடம்தான் வாங்குகிறேன், பேரம் பேசுவதில்லை.

முந்திரிக் கிரீம் வைத்ததை இந்த வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். பலா வைத்தது மறுநாள்வரை கெடாது, ஆனால் மாவு இறுகிவிடும். மாலையில் சுட்டு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் கொடுத்து, மிச்சத்தை இரவுக்குள் அக்கம்பக்கம் அனுப்பிவிடுங்கள்.