போப்பின் தடையும் அரசின் இலக்கும்

பிள்ளைப்பேற்றைத் தடுப்பதையே நோக்கமாகக் கொண்ட கருத்தடை அறுவைச் சிகிச்சை, மணமானவர்க்கும் பாவமே என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. போப் ஆறாம் பவுல் 1968 ஜூலை 25ஆம் நாள் வெளியிட்ட சுற்றுமடல் இதனை வலியுறுத்தியது. நோய்க்கான சிகிச்சையால் கருவளம் அற்றுப்போவதையும், கருவுறா நாட்களைக் கணித்துக் கூடுவதையும் மட்டுமே அது ஏற்கிறது. இத்தனைக்கும், போப் ஆலோசனை கேட்ட குழுவின் பெரும்பான்மையினர் கருத்தடையை அனுமதிக்கலாம் என்றே 1966இல் பரிந்துரைத்திருந்தனர். அப்பரிந்துரை புறந்தள்ளப்பட்டது.

கடப்பை மறைமாவட்டத்திற்கு உட்பட்ட சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இப்போதனை எவருக்குச் சுமையாகிறது? ஆந்திரக் கிறித்தவர்களில் பெரும்பாலோர் தலித் உழைப்பாளிகள். நாட்களை எண்ணி விலகியிருத்தல் என்பது கணவன் இசைந்தால் மட்டுமே கைகூடும். மறுத்துப் பேசும் உரிமை இல்லாத வீட்டில் அது ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது. ஆகவே அப்போதனை நடைமுறையில் பெண்ணின் உடலைக் கணவனின் விருப்பத்திற்கே விட்டுவிடுகிறது.

எனினும், திருச்சபையைக் கண்டிப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. அரசுகள் கருத்தடையை மக்கள் மீது திணிக்கக்கூடும் என்று அதே சுற்றுமடல் எச்சரித்திருந்தது. எட்டே ஆண்டுகளில், அவசரநிலைக் கொடுமை அதனை மெய்ப்பித்தது. 1976-77இல் மட்டும் நாடெங்கும் 82 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அன்று பெரும்பாலும் ஆண்களே ஆளாயினர். அதன் பின்னர் ஆட்சியாளர்கள் ஆண்களைத் தொட அஞ்சி, முழுச் சுமையையும் பெண்கள் மீது இறக்கிவைத்தனர்.

2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆந்திரத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களுக்கான அறுவையோ அரை விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி அனைத்தையும் கூட்டினாலும் இரண்டு விழுக்காடு வராது. ஒரே ஒரு வழியை மட்டும் காட்டிவிட்டு அதனைத் தேர்வு என்று அழைக்க முடியுமா? 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் முகாம்களில் அறுவை செய்துகொண்ட பெண்கள் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே, 2016இல், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இப்போது காற்று திசை மாறியுள்ளது. திருப்பதி மாவட்டம் நாராவாரிப்பள்ளியில் பிறந்து, சித்தூர் மாவட்டம் குப்பம் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வர் சந்திரபாபு நாயுடு, கூடுதல் பிள்ளைகளைப் பெறுமாறு 2024 அக்டோபரில் அறைகூவல் விடுத்தார். இரண்டுக்கு மேல் பிள்ளைகள் உள்ளவரே உள்ளாட்சித் தேர்தலில் நிற்கலாம் எனச் சட்டம் கொண்டுவருவது குறித்தும் பேசினார். இரண்டுக்கு மேல் பெற்றவர் நிற்கவே கூடாது என்றிருந்த பழைய விதி, அடுத்த மாதமே நீக்கப்பட்டது. அதன் நீக்கம் வரவேற்கத்தக்கது. அதனைத் தலைகீழாக்கித் திணிப்பது வரவேற்கத்தக்கதன்று. கேரளத்தின் பாலா மறைமாவட்டம் ஐந்தும் அதற்கு மேலும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தருவதாக 2021இல் அறிவித்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பீடமும் கோட்டையும் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிட்டன. பெண்ணின் குரல் மட்டும் இன்னும் கேட்கப்படவில்லை.

இதில் நமக்கு வழிகாட்டும் மரபு உண்டு. வறுமைக்கு மக்கள்தொகையே காரணம் என்ற மால்தூசியவாதத்தை லெனின் 1913இல் கடுமையாகச் சாடினார். அதே கட்டுரையில், கருக்கலைப்புக்கு எதிரான சட்டங்களையும், கருத்தடை குறித்த மருத்துவ நூல்களைப் பரப்புவதற்கு எதிரான சட்டங்களையும் நிபந்தனையின்றி நீக்கக் கோரினார். இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. பெறு என்றும் பெறாதே என்றும் ஆணையிடும் அதிகாரம் எவருக்கும் இல்லை என்பதே அதன் சாரம்.

எனவே, ஆரம்ப சுகாதார நிலையங்கள்தோறும் எல்லாக் கருத்தடை முறைகளும் கிடைக்கவும், பாதுகாப்பான சிகிச்சைக்கும், பெண்ணின் ஒப்புதலுக்கும் நாம் போராட வேண்டும். அரை விழுக்காட்டைக்கூட எட்டாத அந்த ஆண்களின் கணக்கு கட்சிக் கிளைகளிலும் பேசப்பட வேண்டும். இக்கேள்வியை மாதர் அரங்கத்தின் பொறுப்பு என்று ஒதுக்கிவிட்டு, ஆண் தோழர்கள் எழுந்துபோக முடியாது.