காதொலிக் கருவி: கொடுத்தோம், சரிபார்த்தோமா?

மத்திய அரசின் ‘அடிப்’ (ADIP) திட்டம் 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்களை வழங்கி வருகிறது. தமிழக அரசும் காதொலிக் கருவிகளை விலையில்லாமல் தருகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையும் செய்யப்படுகிறது. ஏழை எளிய குடும்பங்களுக்கு இவை பெரும் ஆறுதல். ஆனால், காதில் ஏறிய கருவி அந்தக் காதுக்கு ஏற்றபடி ஒலிக்கிறதா என்று சோதிப்பதில் நாம் இன்னும் பின்தங்கியே நிற்கிறோம்.

கண்ணாடி போட்டும் எழுத்து தெரியாவிட்டால் நாமே சொல்லிவிடுவோம். பிறந்தது முதலே காது கேளாத குழந்தைக்கோ, எவ்வளவு கேட்டால் சரி என்பதே தெரியாது. அதனால்தான் சோதனை அவசியமாகிறது.

கேட்கும் திறனைக் காட்டும் வரைபடமான ஆடியோகிராமின் அளவுகளைக் கணினியில் பதிந்ததும், கருவிக்கான மென்பொருள் ஒலி அளவைத் தானே அமைத்துக்கொள்ளும். அது சராசரிக் காதுக்குப் போட்ட கணக்கு. கைக்குழந்தையின் காதுக்குழாய் மிகச் சிறியது. அதே கருவி பெரியவர் காதில் எழுப்புவதைவிடக் கூடுதல் ஒலி அழுத்தத்தை அங்கே எழுப்பும். ஆகவே, மெல்லிய குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு அருகே வைத்து, அங்கே எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளக்க வேண்டும். இதற்குக் குழந்தை பதில் சொல்ல வேண்டியதில்லை. சற்று நேரம் அமைதியாக இருந்தால் போதும்.

ஆனால், செவிப்பறைக்கு ஒலி போய்ச் சேர்வது வேறு, பேச்சு புரிவது வேறு. ஆறு மாதம் தாண்டிய குழந்தை ஒலி வந்த பக்கம் திரும்புகிறதா என்று பார்க்கலாம். திரும்பியதும் விளக்கெரியும் பொம்மையைக் காட்டி ஊக்கப்படுத்துவார்கள். பெரியவர்களிடம் இரைச்சலுக்கு நடுவே சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லலாம். கருவி வழி அளவீடும் நடத்தை வழிச் சோதனையும் ஒத்துப்போனால் நிம்மதி. முரண்பட்டால், கருவியைக் காதில் பொருத்தும் அச்சு தளர்ந்திருக்கலாம், குறும்பி அடைத்திருக்கலாம், செவி நரம்பிலேயே சிக்கல் இருக்கலாம். ஒன்றை மட்டும் செய்துவிட்டு அனுப்பினால் இவை கண்ணில் படாமலே போகும்.

இந்தச் சரிபார்ப்பை ஒருவர் தலையில் மட்டும் சுமத்த முடியாது. கருவி வாங்க ஒப்பந்தம் போடும்போதே சரிபார்ப்புக்கும் மறுபரிசோதனைக்கும் அரசு நிதி ஒதுக்க வேண்டும். மாவட்ட மையங்களில் அளவீட்டுக் கருவியும் பயிற்சி பெற்ற ஆடியாலஜிஸ்டும் இருக்க வேண்டும். நிபுணர்கள் இரு சோதனைகளின் முடிவையும் எழுதி, புரியும்படி விளக்கிக் குடும்பத்தின் கையில் கொடுக்க வேண்டும். ஆசிரியர்கள் பேட்டரியைக் கவனித்து, இரைச்சல் குறைந்த முன்வரிசையில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும்.

பெற்றோர் வீட்டிலேயே செய்யக்கூடியது டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனை. காலையில் கருவியை மாட்டிவிட்டு, உதட்டசைவு தெரியாதபடி பிள்ளைக்குப் பின்னால் அமர்ந்து, இயல்பான குரலில் ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று இடைவெளி விட்டுச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் கேட்டதும் பிள்ளை டப்பாவுக்குள் ஒரு கட்டையைப் போடும். நேற்றுவரை ‘ஸ்’ ஒலிக்குக் கட்டை போட்ட பிள்ளை இன்று சும்மா இருந்தால், பேட்டரியையும் அச்சையும் பார்க்க வேண்டும். அப்போதும் சரியாகவில்லை என்றால், தள்ளிப்போடாமல் மையத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

பேச்சும் மொழியும் வேர்பிடிக்கும் முதல் சில ஆண்டுகள் திரும்பி வருவதில்லை. எனவே, எத்தனை கருவிகள் வழங்கினோம் என்று அறிவிக்கும் ஒவ்வொரு ஆண்டும், எத்தனையைச் சோதித்துச் சரிசெய்தோம் என்றும் சேர்த்தே அறிவிப்போம். அந்தக் கணக்கைக் கேட்பது பெற்றோரின் உரிமை. தயங்காமல் தருவது நம் எல்லோருடைய கடமை.