செய்தி சுமந்த 'அச்சாறு'

கடற்போர் என்றதும் உங்கள் மனக்கண்ணில் மாபெரும் போர்க்கப்பல்கள்தாம் தோன்றும். ட்ரபல்கார் போர் என்றால் எல்லோரும் நெல்சனின் 'விக்டரி' கப்பலையே சொல்வார்கள். அதே போரில் நின்ற ஒரு குட்டிப் பாய்க்கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதன் பெயர் 'பிக்கிள்'. ஆம், நாம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறோமே, அந்த அச்சாறுதான்!

பர்மியுடாவில் 1799இல் கட்டப்பட்ட இக்கப்பல் 'ஸ்கூனர்' என்னும் இரட்டைப் பாய்மர வகை. நீளம் 73 அடி. ('விக்டரி'யின் பீரங்கித் தட்டு மட்டும் 186 அடி!) முதலில் இதன் பெயர் 'ஸ்டிங்'. ஜமெய்க்காவிலிருந்த அட்மிரல் சீமோர் இதை 2500 பவுணுக்கு வாங்கினார். லண்டன் தலைமையகம் முகஞ்சுளித்தது. வாங்கியாயிற்றே, என்ன செய்வது? பெயரை மாற்றி வைத்துக்கொண்டது.

வீட்டின் கடைக்குட்டியைப் போலத்தான் பிக்கிளும். கடிதம் கொண்டு ஓடும். எதிரியின் துறைமுகத்தை எட்டிப் பார்த்து வரும். 1804 மார்ச்சில் பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்துக்கருகே 'மக்னிபிசென்ட்' என்ற பெரிய போர்க்கப்பல் பாறையில் மோதியபோது, அதன் மாலுமிகளைக் காப்பாற்றவும் உதவியது.

1805 ஒக்டோபர் 21. ஸ்பெயின் நாட்டின் ட்ரபல்கார் முனை. (இப்பெயர் 'தரஃப்' என்ற அரபுச் சொல்லில் தொடங்குவது, முனை, ஓரம் என்று பொருள்.) போர் வரிசையில் நிற்க பிக்கிளுக்குப் பலமில்லை, ஒதுங்கி நின்றது. பிரெஞ்சுக் கப்பல் 'அஷீல்' தீப்பற்றியதும் அதன் படகுகள் விரைந்தன. எதிரிகள்தாம், ஆனாலும் தண்ணீரில் தத்தளிப்பவர்கள் அல்லவா? அப்படி மீட்கப்பட்டவர்களில் ஜெனெட் என்ற பெண்ணும் ஒருவர். கணவரைப் பிரிய மனமின்றிக் கப்பலில் வந்தவர். பிரித்தானிய மாலுமிகள் அவருக்கு உடுப்புக் கொடுத்தார்கள். சில நாட்களில், கைதிகளிடையே கணவரையும் உயிரோடு கண்டார்!

போர் முடிந்து புயல் பிடித்துக்கொண்டது. பெரிய கப்பல்களெல்லாம் உடைந்து கிடந்தன. ஒன்றையும் விட முடியாத நிலை. நெல்சன் இறந்த செய்தியையும் வெற்றிச் செய்தியையும் இங்கிலாந்துக்கு யார் கொண்டுபோவது? தளபதி கொலிங்வுட் பிக்கிளை அனுப்பினார். ஒக்டோபர் 26இல் புறப்பட்ட அது, வழியில் புயலில் தத்தளித்து, பாரம் குறைக்கத் தன் பீரங்கிகள் நான்கைக் கடலில் வீசி, நவம்பர் 4இல் ஃபல்மத் துறையை அடைந்தது. அதன் தலைவர் லெப்டினன் லபெனொட்டியேர் அங்கிருந்து குதிரை வண்டியில் பாய்ந்தார். சுமார் 270 மைல், 21 தடவை குதிரை மாற்றம், 37 மணித்தியாலம். செலவு 46 பவுண் 19 ஷில்லிங் 1 பென்ஸ் என்று கணக்கும் எழுதிவைத்தார்! நவம்பர் 6 அதிகாலை ஒரு மணிக்குச் செயலாளர் வில்லியம் மார்ஸ்டனிடம் செய்தியைச் சொன்னார். இந்த மார்ஸ்டன் யார் தெரியுமா? பின்னர் 1812இல் மலாய் மொழி அகராதி வெளியிட்டவர்.

லெப்டினனுக்குப் பதவி உயர்வும் 500 பவுணும் கிடைத்தன. பிக்கிளுக்கு? பழைய வேலையேதான். 1807 ஜனவரியில் தன்னைவிட ஆட்பலம் மிகுந்த பிரெஞ்சுக் கொள்ளைக்கப்பல் ஒன்றைப் பிடித்தது. 1808 ஜூலையில் அதே கொலிங்வுட்டுக்குக் கடிதங்கள் கொண்டு போகையில், ட்ரபல்காருக்கு வெகுதூரமில்லாத சிப்பியோனா மணல்திட்டில் தட்டி உடைந்தது. மாலுமிகள் அனைவரும் உயிர் தப்பினர்.